வெள்ளரியில் செஞ்சிலந்தி: பேனை விடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: கெலமங்கலம் பக்கத்தில் 1,000 சதுர மீட்டர் பாலிஹவுஸில் வெள்ளரி போட்டிருக்கிறேன். சுமார் 2,400 செடி. 42 நாள் ஆகிறது, பறிப்பு தொடங்கிவிட்டது. இலைப்பேனுக்கு இரண்டாவது வாரத்தில் இமிடாகுளோபிரிட், 21ஆம் நாள் லாம்டா சைஹலோத்ரின் அடித்தேன். அதற்குப் பிறகுதான் செஞ்சிலந்தி வந்தது. அபாமெக்டின் இரண்டு முறை அடித்தாயிற்று, கடைசியாக அடித்து 10 நாள் ஆகிறது. அடித்த வாரம் குறைகிறது, அடுத்த வாரம் பழையபடி ஏறிவிடுகிறது. கதவோரம் 60 செடியில் நூலாம்படையே கட்டிவிட்டது. செஞ்சிலந்தியைத் தின்னும் 'நல்ல பேன்' இருக்கிறது, அதை விடுங்கள் என்கிறார்கள். எங்கே வாங்குவது, எத்தனை விடுவது? வெளிநாட்டுப் பேனை இணையத்தில் வாங்கலாமா? கூடவே வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

பதில்: விடலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். இன்றைக்கே வாங்கி வந்து விட்டால் பாதிக்கு மேல் செத்துப்போகும். மிச்சம் இருப்பது கதவோரக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்காது. 'நல்ல பேன் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் நடந்தது இந்த இரண்டில் ஒன்றுதான். இலையில் பழைய மருந்து இருந்திருக்கும், அல்லது எண்ணாமல் விட்டிருப்பார்கள்.

செஞ்சிலந்தி மருந்துக்குப் பிறகு வந்தது தற்செயல் இல்லை. லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் இலைப்பேனோடு சேர்த்து, செஞ்சிலந்தியைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த சின்ன உயிர்களையும் கொன்றுவிடும். செஞ்சிலந்திக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. இமிடாகுளோபிரிட் பட்ட செடியில் செஞ்சிலந்தி கூடுதலாக முட்டையிடுவதும் பல பயிர்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. யூரியாவோ தழைச்சத்து உரமோ கூடுதலாகப் போயிருந்தால் அதுவும் கூட்டத்தைப் பெருக்கும். வறண்ட காற்றும், சாலைத் தூசி படிந்த இலையும் அதற்குப் பிடித்தமான இடம். கதவோரத்தில் முதலில் கட்டியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, நடுநரம்பை ஒட்டிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அளவில், வெளிர் மஞ்சளாகவோ பச்சையாகவோ, முதுகின் இரு பக்கமும் கருந்திட்டோடு மந்தமாக நகர்வது செஞ்சிலந்தி. பெயரில்தான் சிவப்பு; வெள்ளரியில் பெரும்பாலும் இந்த இரட்டைப் புள்ளி வகைதான் வரும். அதன் முட்டை கண்ணாடி உருண்டை போல முழு வட்டமாக இருக்கும். நீங்கள் கேட்ட 'நல்ல பேன்', அதாவது வேட்டைப் பேன், பேரிக்காய் வடிவத்தில், வழவழப்பாக, நீண்ட கால்களோடு இருக்கும். லென்ஸுக்குள் நிற்கவே நிற்காது, குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் முட்டை நீள்வட்டம். செஞ்சிலந்தி முட்டையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முட்டைகளுக்கு நடுவே உறிஞ்சிய வெறும் தோல்கள் சுருங்கிக் கிடந்தால் அங்கே வேட்டை நடந்திருக்கிறது என்று பொருள்.

இந்த வேட்டைப் பேனின் பலம் வேகம். நம் ஊர் வெப்பத்தில், 27, 28 டிகிரியில், செஞ்சிலந்தி முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக 8 முதல் 10 நாள் எடுக்கும். வேட்டைப் பேனுக்கு 4, 5 நாள் போதும். வளர்ந்த பெண் ஒன்று நாளொன்றுக்கு 10 முதல் 20 முட்டை வரை தின்னும். ஆனால் ஒரு செஞ்சிலந்தி தன் ஆயுளில் நூறு முட்டைக்குக் குறையாமல் இடக்கூடியது. ஆகவே ஒரு வேட்டைப் பேனுக்குப் பத்து செஞ்சிலந்தி என்ற கணக்கில் விட்டால் வேட்டைப் பேன் முந்திக்கொள்ளும். ஒன்றுக்கு இருபது வரைகூடச் சமாளிக்கலாம். ஒன்றுக்கு ஐம்பது என்றால், அது பெருகி வருவதற்குள் உங்கள் இலை காய்ந்துவிடும்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லா வரிசையிலும் நடந்து, இருபதாவது செடிக்கு ஒன்று வீதம் நடு உயரத்து இலை ஒன்றைத் திருப்பி, நகரும் செஞ்சிலந்திகளை மட்டும் எண்ணி எழுதுங்கள். 120 செடி வரும், காலைப் பொழுதில் முடித்துவிடலாம். நூலாம்படை கட்டிய செடிகளுக்கு அடையாளத் துணி கட்டித் தனியாக எண்ணுங்கள். கதவோர 60 செடியில் செடிக்கு 15 இலை, இலைக்கு 40 செஞ்சிலந்தி இருந்தால் மொத்தம் 36,000. அங்கே மட்டும் 3,600 வேட்டைப் பேன் வேண்டும், செடிக்கு 60. மீதி 2,340 செடியில் அங்கங்கே ஓரிரண்டு செஞ்சிலந்திதான் தெரிகிறது என்றால் செடிக்கு 2 வேட்டைப் பேன் வீதம் ஏறக்குறைய 4,700. ஆக 8,300. இது நடக்கக்கூடிய எண்ணிக்கை. அதே கதவோரத்தில் இலைக்கு 200 செஞ்சிலந்தி இருந்தால் அந்த 60 செடிக்கே 18,000 வேண்டியிருக்கும். அவ்வளவு வாங்குவதில் பொருள் இல்லை. முதலில் கூட்டத்தைக் கையால் குறைத்துவிட்டுப் பிறகு விடுவதுதான் சிக்கனம். நூலாம்படை கட்டியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்களுடையது அநேகமாக இந்த இரண்டாவது வகைதான்.

குறைக்கும் வேலையை அடியிலையில் தொடங்குங்கள். 21ஆம் நாள் அடித்த பைரித்ராய்டு, அன்றைக்கு இருந்த ஏழெட்டு அடியிலைகளில்தான் இருக்கிறது. வேட்டைப் பேனுக்கு அந்த மருந்தின் நஞ்சு 8 முதல் 12 வாரம் வரை இலையில் நிற்கும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது, ஆனால் அந்த இலைகளையே எடுத்துவிடலாம். பறிப்பு முடிந்த கணுவுக்குக் கீழே உள்ள இலைகளை ஒரே நாளில் உருவிவிடாமல் இரண்டு தவணையாக வெட்டுங்கள். செடியில் 14, 15 இலை நிற்கட்டும். வெட்டிய இலையை வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். செடியருகிலேயே பாலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, வெளியே வெயிலில் மூன்று நாள் கிடத்துங்கள். சுத்தமான வரிசையில் முதலில் வேலை, கதவோரத்தில் கடைசியில். செஞ்சிலந்தி நம் சட்டையிலும் கையுறையிலும் ஏறித்தான் அடுத்த வரிசைக்குப் போகிறது. பறிக்க வரும் ஆட்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சோப்புக் கரைசல். காதி பார் சோப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் சீவிக் கரைத்து, துணி கட்டிய செடிகளிலும் அவற்றைச் சுற்றி இரண்டு செடி அகலத்துக்கும் இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட அடியுங்கள். மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள். வெயிலில் அடித்தால் வெள்ளரி இலை ஓரம் கருகும். முதலில் ஐந்து செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். துணி துவைக்கும் பவுடர் கூடவே கூடாது. உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதில் சோப்பு நுரைக்காமல் தயிர் போலத் திரிந்தால் அந்தக் கரைசலுக்கு வேலை செய்யும் சக்தி இல்லை. பிடித்து வைத்த மழைநீரில் கரையுங்கள். சோப்பு ஈரமாக இருக்கும்போது பட்ட பேனை மட்டுமே கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஆகவே நாலு, ஐந்து நாள் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டும். முட்டை பொரிந்திருக்கும், பொரிந்தவை இன்னும் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியைப் பத்து நாளாக நீட்டினால் முதல் தெளிப்பு வீண்.

சோப்பை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், அது காய்ந்த பிறகு இலையில் நஞ்சு நிற்பதில்லை. அடுத்த நாளே வேட்டைப் பேனை விடலாம்.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லிட்டருக்கு 5 மில்லி, சோப்பில் நன்றாகக் குழைத்து, இப்போதே ஒரு முறை அடிக்கலாம். வேட்டைப் பேனை விட்ட பிறகு அடிக்காதீர்கள். இயற்கைப் பொருள் என்பதால் நல்ல பேனை ஒன்றும் செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணெய் நேராகப் பட்டால் அதுவும் மூச்சடைத்துச் சாகும். எண்ணெய்க்கும் பேன் விடுவதற்கும் ஒரு வாரம் இடைவெளி கொடுங்கள். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதமும் நல்லது: 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பு சேர்ப்பது. ஊறவைத்த மறுநாளே அடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். சாம்பல் நோய்க்காக நனையும் கந்தகம் அடிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். கந்தகம் வேட்டைப் பேனுக்கு ஆகாது. கந்தகம் அடித்து இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் பட்டால் இலையும் வெந்துவிடும். மைதாக் கரைசல், கஞ்சித் தெளிப்பு எல்லாம் பேனை ஒட்டிப் பிடிக்கும்தான், நல்லதையும் சேர்த்துப் பிடிக்கும்.

அபாமெக்டின் விஷயம் கொஞ்சம் சிக்கல். அது இலைக்குள் ஊடுருவி நிற்பது. அந்தச் சாற்றைக் குடித்த செஞ்சிலந்தியைத் தின்னும் வேட்டைப் பேனையும் பாதிக்கும். வெளியே வெயிலில் சீக்கிரம் சிதையும் மருந்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூரைக்குக் கீழே மெதுவாகத்தான் சிதையும். கடைசித் தெளிப்பிலிருந்து மூன்று வாரமாவது போகட்டும். அதாவது உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. அடியிலை எடுப்பதும் இரண்டு முறை சோப்பு அடிப்பதும் அந்த நாட்களுக்குள் சரியாக அடங்கும்.

விடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தட்டில் ஈரமான பஞ்சு மெத்தை வைத்து, அபாமெக்டின் பட்ட உயரத்திலிருந்து ஓர் இலையை அடிப்பக்கம் மேலாகப் பரப்பி, ஓரத்தைச் சுற்றி ஈரப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், பேன் தாண்டாது. செஞ்சிலந்தி ஏற்கெனவே இருக்கும் இலையாகப் பாருங்கள். மெல்லிய தூரிகையால் 20 வேட்டைப் பேனை எடுத்து அதில் விடுங்கள். மருந்தே படாத அவரை இலையிலும் இதே போல ஒன்று செய்யுங்கள். 48 மணி நேரம் கழித்து அவரை இலையில் இருப்பதற்கு ஏறக்குறைய சமமாக இங்கேயும் உயிரோடு இருந்து, நீள்வட்ட முட்டையும் தென்பட்டால் விடலாம். பாதிகூட இல்லை என்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

இனி எந்தப் பேன், எங்கே கிடைக்கும் என்பது. உலகம் முழுக்கப் பேசப்படுவது ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். சிலி நாட்டிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகளோடு 1950களின் கடைசியில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. 1960களில் நெதர்லாந்தின் வெள்ளரிக் கண்ணாடிக்குடில்களில் அதை விட்டுப் பார்த்ததுதான் இன்றைய நன்மைப் பேன் வணிகத்துக்கே வித்து. 20 முதல் 27 டிகிரியில் அபாரமாக வேலை செய்யும். 30ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் முட்டை சரியாகப் பொரியாது. உயிருள்ள பூச்சியையோ பேனையோ வெளிநாட்டிலிருந்து தருவிக்க 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி வேண்டும். இணையத்தில் யாரோ பொட்டலம் கட்டி அனுப்புவதை வாங்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, அதில் என்ன இனம், கூடவே என்ன நோய் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது நம் நாட்டிலேயே இருக்கும் நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ். நம் வெப்பத்துக்குப் பழகியது, நூலாம்படைக்குள் புகுந்து முட்டையைத் தேடித் தின்னும். பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பும், வேளாண் பல்கலைக்கழகத்தில் இயங்கும் அகில இந்திய வேளாண் சிலந்திப்பேன் ஆய்வுத் திட்டமும் இந்தத் துறையில் வேலை செய்பவை. உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம்தான். இனத்தின் பெயரைச் சொல்லி, தாய் வளர்ப்பு, அதாவது பெருக்குவதற்கான முதல் பேன் கூட்டம், கிடைக்குமா என்று நேரில் கேளுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலும் கேட்கலாம். வரப்போரம் மருந்து படாத அவரை, கத்தரிச் செடிகளில் செஞ்சிலந்திக் கூட்டத்துக்கு நடுவே இயல்பாகவே வேட்டைப் பேன் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் ஓடுவது எல்லாம் நமக்கு உதவாது. ஆமணக்கு இலையில் அதிகம் தென்படும் சில வகைகள் மகரந்தம் தின்று வாழ்பவை, நூலாம்படைக்குள் போகாது. நூலுக்குள் புகுந்து முட்டை தின்பதை லென்ஸில் பார்த்த பிறகே எடுங்கள். இனத்தையும் ஒரு முறை பல்கலைக்கழகத்தில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொஞ்சம் தாய் வளர்ப்பு கையில் கிடைத்துவிட்டால் எண்ணிக்கையை நீங்களே பெருக்கலாம். பாலிஹவுஸிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழே, இரண்டு தனித்தனி நிழல் இடங்கள் வேண்டும். ஒன்றில் செஞ்சிலந்தி மட்டும், இன்னொன்றில் வேட்டைப் பேன். தொட்டிகளில் பீன்ஸோ தட்டைப்பயறோ நெருக்கமாக விதைத்து, 10, 12 நாளில் முதல் ஜோடி இலை விரிந்ததும் செஞ்சிலந்தி இலைகளை அதன் மேல் போடுங்கள். ஒரு வாரத்தில் அடிப்பக்கம் நிறைந்துவிடும். அதில் சில தொட்டிகளை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோய் வேட்டைப் பேனை விடுங்கள். பத்து நாள் ஆனதிலிருந்து தினமும் லென்ஸில் பாருங்கள். செஞ்சிலந்தி தீரும் தறுவாயில், வேட்டைப் பேன் மிகுந்து இருக்கும்போது இலையை அறுக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் இரை இல்லாமல் ஒன்றையொன்று தின்னும், மிச்சம் வெளியேறிவிடும். இந்த வளர்ப்பு கெடுவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். வேட்டைப் பேன் செஞ்சிலந்தி இடத்துக்குள் நுழைந்து அங்கே இரையை அழித்துவிடும், பிறகு இரண்டும் இல்லை. தினமும் முதலில் செஞ்சிலந்தித் தொட்டிகளுக்கு வேலை செய்துவிட்டுப் பிறகுதான் வேட்டைப் பேன் பக்கம் போக வேண்டும். திரும்பிப் போகவே கூடாது.

விடும் நாளில் அறுத்த இலைகளில் பத்தை எடுத்து எண்ணி, இலைக்கு எத்தனை என்று சராசரி போட்டுக்கொள்ளுங்கள். மாலையில், வெயில் தணிந்த பிறகு, இலைத்துண்டை வெள்ளரியின் நடு உயரத்து இலை மேல் வையுங்கள் அல்லது காம்பில் சொருகுங்கள். தரையில் விழுந்தது கணக்கில் சேராது. கடையில் வாங்கிய குப்பி என்றால் பேன்கள் மூடியருகே கூடியிருக்கும். படுக்கவைத்து மெல்ல உருட்டிவிட்டுத் தூவுங்கள், இல்லாவிட்டால் முதல் வரிசைக்கே எல்லாம் போய்விடும். தூவுவதற்கு முன் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி, ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கிட்டதில் மூன்றில் இரண்டு பங்கை முதல் நாளும், மீதியை ஒரு வாரம் கழித்தும் விடுங்கள்.

பனி போல நீர் தூவும் ஃபாகர் இருந்தால் பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை விட்டுவிட்டுச் சில விநாடிகள் ஓட்டி, ஈரப்பதத்தை 60க்கு மேல் வைத்திருங்கள். மாலையில் ஓட்டாதீர்கள். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். பிறகு மான்கோசெப் அடிக்க வேண்டிவரும், திரும்பத் திரும்ப அடித்தால் அது வேட்டைப் பேனின் முட்டையிடலைக் குறைக்கும். புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் அடிக்கலாம், பேனுக்குத் தீங்கில்லை. இலைப்பேனுக்கு மறுபடியும் பைரித்ராய்டைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து.

புள்ளி விழுந்த பழைய இலை மீண்டும் பச்சையாகாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கொழுந்துக்குக் கீழே உள்ள நாலு இலையைப் பாருங்கள். வாரம் ஒரு முறை அதே துணி கட்டிய செடிகளில் இரண்டையும் எண்ணுங்கள். பதினான்காவது நாள் செஞ்சிலந்தி இருக்கும் இலைகளில் பாதியிலாவது வேட்டைப் பேனோ அதன் முட்டையோ தெரிய வேண்டும். தெரிந்தால் கையை வைக்காதீர்கள். எண்ணிக்கை சரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். குண்டூசித் தலை அளவில் கருப்பாக ஒரு சின்னப் பொறிவண்டு வந்தால் விரட்டாதீர்கள், அது ஸ்டெதோரஸ், செஞ்சிலந்தியே அதன் உணவு. பதினான்காவது நாளும் வேட்டைப் பேன் தென்படாமல் புதிய இலையில் புள்ளி ஏறினால், அந்த இடத்தில் மட்டும் சோப்பு அடித்து, மறுநாள் செடிக்கு 60 என்று மறுபடி விடுங்கள்.

அடுத்த பயிருக்கு இவ்வளவு அலைச்சல் தேவைப்படாது. கொடியைப் பிடுங்குவதற்கு முன் வேட்டைப் பேன் உள்ள இலைகளை பீன்ஸ் தொட்டிகளுக்கு மாற்றிவிடுங்கள், தாய் வளர்ப்பு கையிலேயே இருக்கும். உள்ளேயும் சுற்றி மூன்று மீட்டருக்கும் களையை எடுங்கள். நம் ஊரில் குளிர் இல்லாததால் செஞ்சிலந்தி ஆண்டு முழுக்கக் களையில் உயிரோடு இருக்கும். நட்ட 15ஆம் நாளிலிருந்து கதவோரச் செடிகளை லென்ஸில் பார்த்து வந்து, முதல் செஞ்சிலந்தி கண்ணில் பட்ட அன்றே எல்லாச் செடிக்கும் 2 வீதம் விடுங்கள். கிட்டத்தட்ட 4,800 பேன், உங்கள் பீன்ஸ் தொட்டிகளிலேயே வளர்த்துக்கொள்ளலாம்.